பச்சைப் புல் படங்களை நம்பி அக்டோபர் கடைசியில் கரடி வேட்டைக்குப் போனேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கரடி கிடைத்தது. வெறுங்கையோடு திரும்பி வந்தவன் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே, அதற்காகத்தான். கரடியைச் சுடுவதே பாவம் என்று நினைப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

போனது அமெரிக்காவின் மொன்டானா மாநிலம், அதன் வடமேற்கு மூலை. ஸ்வான் மலைத்தொடரின் கிழக்குச் சரிவு, கீழே ஹங்க்ரி ஹார்ஸ் நீர்த்தேக்கம் தெரியும். 'பசித்த குதிரை' என்று ஒரு ஊருக்கும் அணைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், அந்தக் கம்பெனியின் குதிரைகளைப் பார்த்த பிறகு பெயர் சரிதான் என்று பட்டது. ஐந்து நாள், அக்டோபர் கடைசி வாரம், கைடு, குதிரை, கூடாரம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கம்பெனி பெயரை இப்போது எழுதவில்லை, ஏனென்றால் பணம் திரும்பக் கேட்ட விஷயம் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. நான் சொல்லப்போவதில் பாதி, இந்த மாதிரிக் கம்பெனி எதை புக் பண்ணினாலும் உதவும்.

அவர்களுடைய இணையதளத்தில் முப்பது நாற்பது படங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சிரித்த முகத்தோடு ஒருவர், முன்னால் கரடி, கரடிக்குக் கீழே பச்சைப் புல். சில படங்களில் மஞ்சள் டேண்டிலியன் பூகூட. நான் அந்தப் படங்களை ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவைகூட உறைக்கவில்லை. மொன்டானாவில் கருங்கரடிக்கு வருடத்தில் இரண்டு சீசன். ஒன்று வசந்தத்தில், இன்னொன்று செப்டம்பர் 15-இல் தொடங்கி நவம்பர் கடைசி வரை. வசந்தத்தில் கரடி பொந்தை விட்டு வெளியே வந்து முதலில் மேய்வது புல்தான், பழைய மரவெட்டிச் சாலைகளின் ஓரத்தில் மாடு மாதிரி நின்று மேயும், கண்ணில் படுவதும் சுலபம். அப்படியானால் அந்தப் படங்கள் எல்லாம் மே மாதம் எடுத்தவை. அக்டோபர் கடைசியில் அந்த மலையில் பச்சைப் புல் ஏது? அட்வான்ஸ் கட்டின பிறகுதான் எனக்கு இது தோன்றியது, உடனே போன் பண்ணி, அக்டோபர் 20-க்கு அப்புறம் சுட்டது இதில் எத்தனை என்று கேட்டேன். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும் என்றார்கள். அந்தப் பதிலிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கடைசி சீசன், அதாவது இலையுதிர்கால சீசனின் பின்பகுதி, என்பதே வேறு ஆட்டம். இலையுதிர்காலத்தில் கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும், தூங்கும் நேரம் போக வாய் ஓயாது. செப்டம்பரில் ஹக்கிள்பெரி இருக்கிறது, பெரிப் புதர் எங்கே என்று தெரிந்தால் கரடி எங்கே என்று தெரிந்துவிடும். அக்டோபர் கடைசியில் பனி விழுந்து பழம் எல்லாம் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ரோஜாக்காய், மலைச்சரிவில் அங்கங்கே சிவப்பாய்த் தொங்கும் மௌன்டன் ஆஷ் பழம், அணில் சேர்த்துவைத்த வெண்பட்டைப் பைன் கொட்டை, அப்புறம் மான் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன குடல். கர்ப்பமான பெண் கரடிகள்தான் முதலில் பொந்துக்குள் போகும். ஜூனில் இணை சேர்ந்தாலும் கரு கருப்பையில் ஒட்டுவது நவம்பர் வாக்கில்தான், உடம்பில் கொழுப்பு போதாவிட்டால் ஒட்டுவதே இல்லை, அதனால் அவற்றுக்கு அவசரம். வளர்ந்த ஆண்கள் கடைசிவரை வெளியே சுற்றும். ஆக, கடைசி வாரத்தில் தென்படுவது பெரும்பாலும் ஆணாக இருக்கும், முடி அடர்த்தியாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் வெளியே இருக்கும் கரடிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். நாலு நாளில் நாங்கள் பார்த்தது மொத்தம் நாலு கரடி, அதில் ஒன்று குட்டி. இதைக் கம்பெனி எனக்குச் சொல்லவே இல்லை. கைடு, குதிரையில் ஏறின முதல் மணி நேரத்தில் சொல்லிவிட்டார்.

காகித வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். 'எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள், பார்த்துக்கொண்டது இரண்டு லிங்க் அனுப்பினதோடு சரி. 1985 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அது போக, கரடி லைசென்ஸ் வாங்கும் முன்னால் கருங்கரடிக்கும் கிரிஸ்லி என்கிற பழுப்புக் கரடிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் ஆன்லைன் தேர்வு ஒன்றில் பாஸாக வேண்டும். அதைக் கடனே என்று எழுதாதீர்கள், ஏன் என்று பின்னால் வரும். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விதிவிலக்கு உண்டு. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்த விதியும் தெரியாது, விதிவிலக்கும் தெரியாது, ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது இன்னொரு விதி, சாதாரண வெஸ்ட் ஒன்று போதும். கரடி கிட்டே வந்தால் அதன் மேல் பீய்ச்சி விரட்டும் கரடி ஸ்பிரேயை விமானத்தில் கையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியிலும் போட முடியாது, இறங்கின ஊரில்தான் வாங்க வேண்டும்.

சரி, முகாம். நாலு மணி நேரம் குதிரையில் ஏறினோம், லார்ச் மரங்கள் மலை முழுக்கப் பொன் நிறத்தில் நின்றன, ஊசியிலை மரம்தான், ஆனாலும் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகி ஒன்றுவிடாமல் கொட்டிவிடும். காற்றடிக்கும்போது சேணத்தின் மேலெல்லாம் தங்கத் தூள் மாதிரி விழுந்தது. அந்த நாலு மணி நேரத்துக்கு மட்டும் காசு கொடுத்திருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. போய்ச் சேர்ந்தால் கூடாரத்தின் ஒரு பக்கம் ஈரம், விறகு ஈரம், அடுப்புக் குழாயின் இணைப்பில் புகை கசிகிறது. ஒப்பந்தத்தில் ஒருவருக்கு ஒரு கைடு என்று இருந்தது, அங்கே போனால் எனக்கும் இன்னொருவருக்கும் சேர்த்து ஒரே கைடு. அந்த இன்னொருவர் அரிசோனாக்காரர், அவரிடமும் அதே வாக்கைத்தான் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றோம், பாவம், அவர் என்ன செய்வார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ள முடியாதது சாப்பாட்டுப் பெட்டி. அது கிரிஸ்லி வாழும் காடு, அந்த மலைகளையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேல் கிரிஸ்லிகள் இருக்கின்றன. உணவை ஒன்று கரடி திறக்க முடியாத பெட்டியில் பூட்டவேண்டும், இல்லையென்றால் தரையிலிருந்து பத்தடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து நாலடி தள்ளிக் கட்டித் தொங்கவிட வேண்டும், இது அங்கே வனத்துறை உத்தரவு. இவர்களுடைய பெட்டியின் கொண்டி உடைந்து, அதைக் கயிற்றால் சுற்றி வைத்திருந்தார்கள். கயிறு! கைடு வந்ததும் முதல் வேலையாக எல்லாவற்றையும் சாக்கில் போட்டு மரத்தில் ஏற்றினார், இருட்டும்வரை அதே வேலை. கொண்டியைப் பற்றி ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னார், அதற்கு மேல் முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி அவரைப் பற்றி. அறுபதைத் தாண்டியவர், ஒரு முழங்காலில் கோளாறு, பேச்சு குறைவு. என்னுடைய ரைஃபிளை ஒரு முறை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், .308, சரி, போதும் என்றார். அப்புறம் என் பைனாகுலரை வாங்கினார். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். 10x42, பத்து மடங்கு பெரிதாக்கும், விலையும் பரவாயில்லை, நல்ல சாமான். இதற்கு ட்ரைபாட் எங்கே என்றார். பைனாகுலருக்கு எதற்கு ட்ரைபாட் என்று நான் கேட்டதும் அவர் முகத்தில் வந்த பாவம், சமையல் தெரியாத மருமகனிடம் உப்பு எங்கே என்று கேட்ட மாமியார் முகம்.

மறுநாள் காலையில் புரிந்தது. அந்த வாரத்தில் எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் வரும், சட்டப்படி அதற்கு அரை மணி முன்னாலிருந்து சுடலாம். இருட்டிலேயே ஏறி ஒரு பாறை மேல் உட்கார்ந்தோம், எதிரே ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குத் தெற்குப் பார்த்த சரிவு, நடுவில் பனிச்சரிவு இறங்கி மரமே இல்லாமல் போன மூன்று பட்டைகள். அவர் தன் ட்ரைபாடில் பைனாகுலரை மாட்டினார், மேல் இடது மூலையிலிருந்து தொடங்கினார், ஒரு துண்டைப் பார்ப்பார், கண்ணாடியை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓட்டுவார், முடித்துவிட்டு அடுத்த துண்டுக்கு நகர்த்துவார். கையில் பிடித்துப் பார்த்தால் நம் நெஞ்சுத் துடிப்பே படத்தை ஆட்டுகிறது, ஆடுகிற படத்தில் அசைகிற கரடி எப்படித் தெரியும்? தன் பையிலிருந்து இன்னொரு ட்ரைபாடை எடுத்து என்னிடம் கொடுத்தார். இரண்டு கிலோ கூடுதல் சுமை, கெட்ட முழங்காலோடு, யாரோ ஒரு கஸ்டமர் கொண்டு வரமாட்டான் என்று தெரிந்தே சுமந்துகொண்டு வந்திருக்கிறார். கடைசி சீசனில் வேட்டை என்பது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உட்கார்ந்து பார்ப்பதுதான். துப்பாக்கிக்குச் செலவழிக்கிற காசில் பாதியை ட்ரைபாடுக்குப் போடுங்கள்.

பதினோரு மணிக்கு அரிசோனாக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார், நடுப் பட்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு உருவம். பழுப்பாக இருக்கிறது, கிரிஸ்லி என்று நான் அடித்துச் சொன்னேன். தேர்வில் பாஸான ஆள் நான்! நிறத்தை நம்பாதே என்பதுதான் அந்தத் தேர்வின் முதல் பாடம், கருங்கரடி கறுப்பு, பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம், வெளிர் மஞ்சள் என எப்படி வேண்டுமானாலும் இருக்கும். தோளில் திமில் இருக்கிறதா, முகம் நெற்றியிலிருந்து மூக்குவரை குழிந்து இறங்குகிறதா, நேராக இறங்குகிறதா, காது எப்படி, இதைத்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். கைடு பார்த்தார், திமில் இல்லை, முகம் நேர், கருங்கரடி என்றார். அரிசோனாக்காரர் எழுந்து துப்பாக்கியை எடுத்தார். உட்காருங்கள் என்றார் கைடு. பத்து நிமிடம். இருபது நிமிடம். கரடி பாட்டுக்குக் கிளையை வளைத்துப் பழம் தின்கிறது, இங்கே ஒருவர் கொதிக்கிறார், எதற்குக் காத்திருக்கிறோம் என்று யாருக்கும் புரியவில்லை. நாற்பதாவது நிமிடம் புதருக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு குட்டி வந்து அதன் பக்கத்தில் நின்றது. குட்டியோடு இருக்கும் தாயைச் சுடுவது அங்கே குற்றம். குற்றம் என்பதை விடுங்கள், அந்த நாற்பது நிமிடத்தில் சுட்டிருந்தால் அந்தக் குட்டி என்னவாகியிருக்கும்? அரிசோனாக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பனி. முகட்டை ஒட்டி நடந்தபோது புதுத் தடம் குறுக்கே போயிருந்தது, என் கையைவிடப் பெரிது. நான் சந்தோஷப்பட்டேன். கைடு ஒரு நேரான குச்சியை ஒடித்து முன்னங்கால் தடத்தின் மேல் வைத்தார், உள்ளங்காலின் முன் விளிம்பைத் தொட்டு, பெருவிரலின் அடியைத் தொட்டு. கருங்கரடிக்கு விரல்கள் வளைந்து நிற்கும், அதனால் கடைசிச் சின்ன விரல் குச்சிக்குக் கீழே வந்துவிடும். கிரிஸ்லிக்கு விரல்கள் ஏறக்குறைய ஒரே வரிசை, குச்சிக்கு மேலேயே இருக்கும். இது மேலேதான் இருந்தது, நகத்தின் குத்தலும் விரலிலிருந்து நன்றாகத் தள்ளி விழுந்திருந்தது. அலாஸ்கா தவிர்த்த மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அவர் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்பிரே டப்பாவை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். பைக்குள் என்றேன். மூன்று விநாடியில் எடுக்க முடியாத ஸ்பிரே ஸ்பிரேயே இல்லை என்று சொல்லி, அதை என் நெஞ்சு வாரில் மாட்டிவிட்டார், ராத்திரி தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார், கடுங்குளிரில் டப்பாவுக்குள் அழுத்தம் குறைந்து பீய்ச்சும் தூரம் சுருங்கிவிடும். அலாஸ்கா சம்பவங்களை வைத்து 2008-இல் வந்த ஆய்வில், பழுப்புக் கரடிகள் மேல் ஸ்பிரே அடித்தபோது நூற்றுக்கு 92 தடவை அவை அடங்கின என்று இருக்கிறது. கையில் இருந்தால்தான் அந்தக் கணக்கு. அந்த முகட்டில் மேற்கொண்டு வேட்டை இல்லை என்று எங்களைத் திருப்பிக் கூட்டிவந்தார், அரை நாள் போனது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

நான் சுட்டது நாலாம் நாள் சாயங்காலம். சூரியன் இறங்கினதும் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே வடிய ஆரம்பிக்கும், கரடிக்குக் கண்ணைவிட மூக்குதான் கூர்மை, அதனால் அந்த நேரத்தில் நாம் அதற்குக் கீழே இருக்க வேண்டும். அப்படித்தான் இருந்தோம். ரோஜாப் புதரில் தனியாக ஒரு கறுப்பு, அரை மணி நேரம் பார்த்தோம், கூட யாரும் இல்லை. காது சின்னதாகத் தெரிந்தால், இரண்டும் தலையின் பக்கவாட்டில் தள்ளி நின்றால், பெரிய தலை என்று அர்த்தம். இது நடுத்தரம்தான், ஆண். நூற்றெழுபது மீட்டர். மானுக்குப் பார்ப்பது போலத் தோளை ஒட்டிப் பார்க்காதே, உடம்பின் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் பார் என்று காதோரம் சொன்னார், முடியும் கொழுப்பும் சேர்ந்து உருவத்தை ஏமாற்றும், கொழுப்பு காயத்தை அடைத்துவிட்டால் தொடர்ந்து போக ரத்தமும் சிந்தாது. ஒரே குண்டு. இருபது அடி நகர்ந்து விழுந்தது. கை நடுங்க அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

கம்பெனியின் லட்சணம் இதற்கு அப்புறம்தான் முழுசாகத் தெரிந்தது. விலங்கு விழுந்தால் கோவேறு கழுதைகள் உடனே வரும் என்பது ஒப்பந்தம். சாட்டிலைட் கருவியில் செய்தி அனுப்பினோம். கழுதைகள் இன்னொரு குழுவின் எல்க் மானைச் சுமக்கப் போயிருக்கின்றன, நாளை மத்தியானம் வரும் என்று பதில். கிரிஸ்லித் தடத்தை நேற்றுத்தான் பார்த்த மலையில், ரத்த வாசனையோடு இறைச்சியை ராத்திரி முழுக்க விட்டுவைப்பதா? அதோடு கரடி விஷயத்தில் குளிர்காலம்தானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது, அந்தக் கொழுப்பும் முடியும் கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சீக்கிரம் உரிக்காவிட்டால் உள்ளே கெட்டுப்போகும். தலைவிளக்கு வெளிச்சத்தில் உரித்தோம், துண்டு போட்டோம், முகாமுக்குச் சுமந்தோம். தோலும் தலையும் மட்டும் முப்பது கிலோவுக்குக் குறையாது, அதை அந்த முழங்காலோடு கைடு எடுத்துக்கொண்டார், எவ்வளவு கெஞ்சியும் கொடுக்கவில்லை. ஒரு தொடையை அரிசோனாக்காரர் தோளில் போட்டுக்கொண்டார், அவருக்கு அந்தப் பயணத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை, என்னிடம் ஒரு முகச்சுளிப்பும் இல்லை. முகாம் சேர இரவு பதினொன்று. மறுநாள் ஒரு மணிக்குக் கழுதைகள் ஆடி அசைந்து வந்தன, பில்லில் கழுதைச் சுமைக் கட்டணம் தனியாக இருந்தது. பணம் திரும்பக் கேட்பது இதற்கும் வராமல்போன அந்த இரண்டாவது கைடுக்கும்தான்.

தோலையும் மண்டையோட்டையும் கலிஸ்பெல் ஊரில் இருக்கும் மாநில வனவிலங்குத் துறை அலுவலகத்தில் காட்டினேன், பத்து நிமிட வேலை, மரியாதையாகப் பேசினார்கள். சின்னப் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள், மரத்துக்கு வளையம் எண்ணுவது போலப் பல்லை வெட்டி வயது சொல்வார்களாம். இறைச்சியைச் சமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், கரடி இறைச்சியில் டிரைக்கினெல்லா என்ற புழு இருக்கலாம், குளிர்ப்பிரதேச வகை ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரும்வரை வேகவையுங்கள், நடுவில் சிவப்பாக விடுகிற ஸ்டேக் வேலையெல்லாம் இதில் வேண்டாம். நான் மெதுவாக நாலு மணி நேரம் வேகவைத்தேன், மாட்டிறைச்சிக்கும் பன்றிக்கும் நடுவில் ஒரு ருசி, நன்றாகவே இருந்தது.

இவர்களிடம் போகலாமா என்று கேட்டால், வசந்தத்துக்குப் போகலாம், அந்தப் படங்கள் பொய் இல்லை. கடைசி சீசனுக்கு என்றால் எந்தக் கம்பெனியானாலும் வேட்டைப் பயணம் நடத்துகிறவர்களுக்கான மொன்டானா அவுட்ஃபிட்டர் லைசென்ஸும் அந்தக் காட்டுக்கான வனத்துறை அனுமதியும் இருக்கிறதா என்று கேளுங்கள், அக்டோபர் 20-க்கு அப்புறம் எடுத்த படம் ஒன்று காட்டச் சொல்லுங்கள், தரையில் பனியோ மஞ்சள் லார்ச் ஊசியோ தெரிய வேண்டும். கைடு யார் என்று பெயரோடு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எங்கள் கைடு அடுத்த வருடம் இவர்களோடு இருப்பாரா என்று கேட்டேன், தோளைக் குலுக்கினார். அவர் எங்கே போகிறாரோ அங்கே நான் போவேன், ட்ரைபாடோடு.

ஊர் திரும்பின மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல், உங்கள் அனுபவத்துக்கு நட்சத்திரம் கொடுங்கள் என்று. கைடுக்கு ஐந்து, கம்பெனிக்கு ஒன்று, கூட்டி இரண்டால் வகுத்து மூன்று போட்டுவிட்டேன், தனித்தனியாகப் போட அதில் இடம் இல்லை.